நான்கு சொல் மர்மம்!
குச்சி மனிதர்கள் சொல்லும் மாயக் கதை

தலை ஒரு வட்டம். கை ஒரு கோடு. கால் ஒரு கோடு.

குழந்தைகள் சுவரில் கிறுக்குவது போன்ற படங்கள்தான். ஆனால், அடுத்த படம் எப்போது வரும் என்று ஆயிரக்கணக்கான பேர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்!

அந்தப் படக்கதையின் பெயர், "ஆர்டர் ஆப் தி ஸ்டிக்". எழுதி, வரைபவர் ரிச் பர்லூ என்ற அமெரிக்கர். 2003-ம் ஆண்டில் இதை இன்டர்நெட்டில் தொடங்கினார்.

6 பேர்

கதையில் 6 பேர் சேர்ந்து ஊர் ஊராகப் போகிறார்கள். ஒரு கொடிய சூனியக்காரனை ஒழிப்பது அவர்கள் நோக்கம். அவன் செத்தவன், எலும்புக்கூடாக நடமாடுகிறான்!

6 பேரில் ஒருவர், மந்திரவாதி வார்சூவியஸ். இவர் ஆணா, பெண்ணா? அதை ஆசிரியர் சொல்லவே இல்லை. வாசகர்களுக்கு அது ஒரு புதிர்.

குறி

ஒரு நாள், 6 பேரும் குறி கேட்கப் போனார்கள்.

டுர்கான் என்ற குள்ளர், சொந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர். "நான் எப்படி ஊர் திரும்புவேன்?" என்று கேட்டார். செத்த பிறகுதான் என்று பதில் வந்தது. மற்றவர்கள் திடுக்கிட்டார்கள். டுர்கானுக்கோ ஆனந்தம்! உடலாவது ஊர் போய்ச் சேருமே!

வார்சூவியஸ், பெரும் மந்திர சக்தி பெற வழி கேட்டார். சரியான நேரத்தில், சரியான ஆளிடம், சரியான நான்கு சொற்களைச் சொன்னால் கிடைக்கும். ஆனால், சொல்லும் காரணம் தவறாக இருக்கும் என்று பதில் வந்தது.

எந்த நான்கு சொற்கள்? வாசகர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் சொற்களை எண்ணத் தொடங்கினார்கள்!

பேரம்

2009-ம் ஆண்டில் விடை வந்தது.

வார்சூவியஸ் முன்பு ஒரு கறுப்பு டிராகனைக் கொன்றிருந்தார். அதன் தாய் பழி வாங்க வந்தது. வார்சூவியசின் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டது.

அவரிடம் அப்போது போதிய சக்தி இல்லை. மூன்று பேய்கள் வந்தன. "உன் ஆத்மாவைக் கொஞ்ச காலம் கொடு, சக்தி தருகிறோம்" என்று பேரம் பேசின. குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியும் இருந்தது. ஆனால், தாமே வெல்ல வேண்டும் என்ற கர்வம் விடவில்லை. நான்கு சொற்களில் சம்மதம் சொன்னார்!

சக்தி வந்தது. தாய் டிராகனைக் கொன்றார். கோபம் தீரவில்லை. அதன் ரத்தம் ஓடும் எல்லா உயிரும் சாக வேண்டும் என்று மந்திரம் போட்டார். கறுப்பு டிராகன்களில் கால்வாசி, ஒரு நொடியில் செத்தன!

பிணங்கள்

கதை ஓடியது. சில ஆண்டுகளுக்குப் பின், 6 பேரும் பாலைவனத்தில் ஒரு பிரமிடுக்குள் நுழைந்தார்கள். அதைக் காவல் காத்த குடும்பமே பிணமாகக் கிடந்தது. யார் கொன்றது?

அந்தக் குடும்பத்தார் மனிதர்கள். ஆனால், அவர்கள் உடம்பில் கறுப்பு டிராகனின் ரத்தம் கலந்திருந்தது!

கொன்றது வார்சூவியசின் மந்திரம். உண்மை புரிந்ததும், அவர் இடிந்து போனார்.

வாசகர்களும் பழைய பக்கங்களைப் புரட்டினார்கள். விடை அவர்கள் முன்பே படித்த பக்கத்தில் இருந்தது!

12 லட்சம் டாலர்

2012-ம் ஆண்டில், பழைய புத்தகங்களை மீண்டும் அச்சிட பர்லூ பணம் திரட்டினார். அவர் கேட்டது 57,750 டாலர். வாசகர்கள் கொடுத்தது 12 லட்சம் டாலருக்கு மேல்!

அதே ஆண்டில் அவர் கையில் பலத்த காயம் ஏற்பட்டது. படம் வரைவது நின்றது. வாசகர்கள் காத்திருந்தார்கள். கை ஆறியது, கதை தொடர்ந்தது.

வார்சூவியஸ் தம் குழந்தைகளைக் காப்பாற்றினார். ஆனால், கோபத்தில் போட்ட மந்திரம், முகம் தெரியாத யார் யாரையோ கொன்றது.

குச்சிப் படம்தான். படித்தவர்களுக்கு நெஞ்சு வலித்தது!