நினைவு சொல்லும் பொய், பதின்வயது சுமக்கும் பழி

காலை ஐந்தே முக்கால் மணி டவுன் பஸ். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னலில் ஈரம் இன்னும் காயவில்லை. மடியில் பை. அதன் மேல், படித்த இடத்தில் விரலை வைத்து மூடிய இயற்பியல் நோட்டு. ஆறு மணிக்கு டியூஷன், அது முடிந்ததும் பள்ளிக்கூடம்.

எதிர் இருக்கைப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "ராத்திரி பூரா செல்லை நோண்ட வேண்டியது, விடிஞ்சா தூங்கி வழிய வேண்டியது. நம்ம காலத்துல நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிப்போம்." அவரும் ஆமோதித்தார். என் தலையும் தானாக ஆடியது.

'நம்ம காலத்துல' என்ற அந்தச் சொல்லைத்தான் உளவியலாளர்கள் ஆராய்ச்சி மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் புலம்பல் மிகப் பழையது. இளைஞர்கள் பெரியவர்களை மதிப்பதில்லை, சொகுசை விரும்புகிறார்கள் என்று சாக்ரடீஸ் வருந்தியதாக ஒரு வாசகம் வாட்ஸ்அப்பில் சுற்றும். அது அவர் சொன்னதல்ல. பண்டைய கிரேக்கர்கள் தங்கள் பிள்ளைகள்மீது சொன்ன குறைகளைத் திரட்டி, கென்னத் ஜான் ஃப்ரீமன் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் தன் நடையில் எழுதியது. 1907இல் நூலாக வந்தது. வாசகம் புதிது, குறை மட்டும் ஈராயிரம் ஆண்டுப் பழசு. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடச் சீரழிந்துகொண்டே வந்திருந்தால், இன்று நம்மிடம் எதுவுமே மிஞ்சியிருக்காது.

குறை சொல்பவர் யார்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ஜான் ப்ராட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் இருவரும் சுமார் 3,400 அமெரிக்கப் பெரியவர்களிடம் ஆய்வு நடத்தி, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. அதிகாரத்துக்குக் கட்டுப்படும் இயல்புடையவர்கள், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை' என்று கூடுதலாகச் சொன்னார்கள். நிறைய வாசிப்பவர்கள், 'இவர்களுக்குப் படிக்கவே பிடிப்பதில்லை' என்றார்கள். அவரவர் எதில் தேறியிருக்கிறார்களோ, அதில்தான் பிள்ளைகள் அவர்கள் கண்ணுக்குத் தேறவில்லை.

அடுத்து ஒரு சோதனை. எழுத்தாளர்களின் பெயர்களை அடையாளம் காணச் சொல்லி, ஒருவரின் வாசிப்பு எவ்வளவு என்று அளந்தார்கள். பிறகு உண்மையான மதிப்பெண்ணைச் சொல்லாமல், சிலரிடம் 'நீங்கள் பெரும் வாசகர்' என்றும் சிலரிடம் 'நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள்' என்றும் குலுக்கல் முறையில் சொன்னார்கள். தங்கள் வாசிப்பு குறைவு என்று நம்பியவர்கள், பிள்ளைகள்மீது சொன்ன குறையும் குறைந்தது. அவர்களுடைய பால்ய நினைவும்கூட மாறியது: 'எங்கள் காலத்துப் பிள்ளைகளும் அப்படி ஒன்றும் படித்துத் தள்ளவில்லை' என்று நினைக்கத் தொடங்கினார்கள்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடந்த காலம் பெட்டியில் பூட்டிவைத்த போட்டோ போல நமக்குள் இருப்பதில்லை. நினைக்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதை மறுபடி வரைகிறது. வரைய எடுக்கும் சாயம், இன்றைய நாம். நாற்பது வயதில் வந்த பொறுப்பையும் பொறுமையையும் பதினாறு வயது நம்மேல் பூசிவிட்டு, அந்த இல்லாத பிள்ளையோடு இன்றைய பிள்ளையை ஒப்பிடுகிறோம். மாமியாரும் ஒரு வீட்டு மருமகளாக இருந்தவர்தான். அந்த நாள் மட்டும் நினைவில் நிற்பதில்லை.

கணிப்பு எவ்வளவு தவறலாம் என்பதற்கு இன்னொரு சான்று. ஸ்டான்ஃபோர்டில் 1960களில் வால்டர் மிஷல் நடத்திய மார்ஷ்மெல்லோ சோதனை பிரபலமானது. தின்பண்டத்தை முன்னால் வைத்து, உடனே தின்னாமல் காத்திருந்தால் கூடுதலாகத் தருவதாகக் குழந்தையிடம் சொல்வார்கள். இந்தக் காலத்துக் குழந்தைகள் முன்பைவிடக் குறைவான நேரமே காத்திருப்பார்கள் என்று அமெரிக்கப் பெரியவர்களில் 72 சதவீதம் பேர் கணித்தார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி கார்ல்சன் குழு பழைய, புதிய பதிவுகளை ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டது. 2000களின் குழந்தைகள், 1960களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 2 நிமிடம் அதிகமாகவே காத்திருந்தார்கள். 'பொறுமையே இல்லை' என்று நாம் அலுத்துக்கொண்ட பதின்வயதினராக வளர்ந்தது இந்தத் தலைமுறைதான்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

பஸ்ஸில் தூங்கிய பெண்ணிடம் வருவோம். இருட்டியதும் தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின், பருவமெய்தியபின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. பிரௌன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார். இந்தத் தாமதம் இருபது வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லப் பின்வாங்குகிறது. கைபேசி வெளிச்சம் இதை இன்னும் மோசமாக்கும் என்பது உண்மை. ஆனால் கைபேசி வருவதற்கு முன்பே இந்தக் கடிகாரம் இப்படித்தான் ஓடியது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள். நேரம் கிடைத்தது என்று பிள்ளைகள் இன்னும் பிந்திப் படுப்பார்கள் என எதிர்பார்த்தவர்கள் உண்டு. தூக்கத்தை அளக்கக் கையில் கட்டிய கருவி வேறு கதை சொன்னது: பிள்ளைகள் தினமும் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள்.

பதின்வயதினரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தனியாக நிதானமாக வண்டி ஓட்டும் பையன், பின்னால் இரண்டு நண்பர்கள் ஏறியதும் முறுக்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். டெம்பிள் பல்கலைக்கழகத்தின் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டின் வழியே இதையே அளந்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதினர் அதிக ஆபத்தைத் தேடிப் போனார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பரிசுக்குத் துள்ளும் மூளைப் பகுதி சீக்கிரம் விழித்துக்கொள்ள, கடிவாளம் பிடிக்கும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்கிறது. வளர்ச்சியின் ஒரு கட்டம் இது. இங்கே தேவை துணை. வசவு எதையும் முதிர வைப்பதில்லை.

வாக்குப் பலிக்கும்

விளக்கு வைக்கும் நேரத்தில் கெட்டதைப் பேசாதே, பலித்துவிடும் என்பார்கள் பாட்டிகள். பிள்ளைகள் விஷயத்தில் அந்த எச்சரிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது. யாங் சூ, ஈவா பொமரன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பதின்பருவம் என்றாலே பொறுப்பின்மை என்று நம்பும் மாணவர்களுக்குப் படிப்பில் நாட்டம் குறைவதைக் கண்டார்கள். சீனாவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் சிலரை, பதின்வயதினரின் பொறுப்பான பக்கத்தை நினைத்துப் பார்க்க வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் அவர்கள் படிப்பில் கூடுதலாக ஈடுபட்டார்கள். நம் வாயிலிருந்து விழும் சொல்லைத்தான் பிள்ளைகள் தங்கள் உருவமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பெண்ணும் நானும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினோம். "ராத்திரி எத்தனை மணிக்கும்மா படுத்தே?" என்று கேட்டேன்.

"பதினொன்றரை ஆயிடுச்சு சார். ரெக்கார்டு நோட்டு முடிக்க வேண்டியிருந்துச்சு. நாலரைக்கு எந்திரிச்சேன்."

அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அவள் தூங்கியது ஐந்து மணி நேரம். பெரியவர் பெருமையாகச் சொன்ன நாலு மணிக்கும் அவள் எழுந்த நேரத்துக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். பஸ்ஸில் இருந்த எங்களில் யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.