செம்மலைச் சித்திரங்களும் சித்திரப் பாத்தியதையும்

ஒரு நிலத்தை ஆயிரம் முறை சித்திரமாகத் தீட்டியவனுக்கு அந்த நிலத்தின்மேல் என்ன பாத்தியதை உண்டு, அவன் தீட்டிய சித்திரத்தின்மேல்தான் அவன் பிள்ளைகளுக்கு என்ன பாத்தியதை உண்டு என்ற இரண்டு கேள்விகளையும், மத்திய ஆஸ்திரேலியாவின் ஹெர்மன்ஸ்பர்க் ஓவியர்களைப் போல இவ்வளவு கூர்மையாக எழுப்பிய கலைஞர் கூட்டம் வேறொன்று இருப்பதாக நான் அறியேன். அவுட்பேக் என்று அந்நாட்டார் சொல்லும் உள்நாட்டு வறள்பிரதேசத்தின் அழகைப் பாடாத பயண நூல் இல்லை. அந்த அழகை உலகத்தின் கண்ணில் முதலில் பதித்தவர்களுடைய வீட்டில் அடுப்பெரிந்ததா என்று விசாரித்த நூல்கள் மட்டும் சொற்பம்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில், வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும் ஃபிங்க் ஆற்றின் கரையில், ஜெர்மானிய லூதரன் பாதிரிமார் 1877-இல் ஸ்தாபித்த மிஷன் கிராமம் ஹெர்மன்ஸ்பர்க். மேற்கு அரெண்ட மக்களின் பூர்விக பூமி அது. 1920-களின் பிற்பகுதியில் மழை பொய்த்து, பச்சைக் காய்கறி இல்லாமல் சொறிகரப்பான் நோய் கண்டு குழந்தைகள் பலர் மாண்ட பிறகு, மெல்போர்ன் நகரத்துப் பெண் ஓவியர்கள் முன்னின்று நடத்திய கண்காட்சியில் சேர்ந்த பணமும் கைகொடுக்க, மலையூற்றிலிருந்து கிராமத்துக்குக் குழாய் வழியே தண்ணீர் வந்தது 1935-இல். சித்திரம் விற்ற காசில் தாகம் தணிந்த அந்த ஊரிலேயே ஒரு சித்திர மரபு பிறந்ததைக் காலத்தின் பொருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டில், ரெக்ஸ் பாட்டர்பீ என்ற ஓவியரும் அவருடைய நண்பரும் தங்கள் நீர்வண்ணச் சித்திரங்களை அந்த மிஷனில் காட்சிக்கு வைத்தபோது, பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர் ஆல்பர்ட் நமட்ஜிரா. 1902-இல் பிறந்த அவர் கொல்லர் வேலை, தச்சு வேலை, ஒட்டகம் ஓட்டும் வேலை ஆகியவற்றைச் செய்து பிழைத்தவர். முல்கா மரப்பலகையில் சுட்ட கம்பியால் உருவம் பொறித்து விற்றவர். 1936-இல் பாட்டர்பீ மறுபடி வந்தபோது, இரண்டு மாதம் அவருக்கு ஒட்டகம் ஓட்டி வழிகாட்ட இவரும், பிரதியாக வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுக்க அவரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1938-இன் இறுதியில், மெல்போர்னில் நமட்ஜிரா நடத்திய முதல் தனிக் கண்காட்சியில் வைத்திருந்த 41 சித்திரங்களும் விற்றுத் தீர்ந்தன.

அந்தச் சித்திரங்களில் ஒன்றைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். முன்னே ஒற்றை மரம். அதன் பின்னே மஞ்சள் புல்வெளி. அதற்கும் பின்னே ஊதா நிழல் படிந்த மலைமுகடு. தைலமரத்துக்கு உறவான அந்த மரம், புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த தூண்போல் வெளுத்த அடிமரம் உடையது. பட்டையைத் தடவினால் வெண்பொடி கையில் ஒட்டும். நீர்வண்ணக் கலையிலோ வெண்மையைப் பெரும்பாலும் பூசுவதில்லை. வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் தூரிகை படாமல் தாளையே விட்டுவைப்பதுதான் வழக்கம். ஆகவே சுற்றியுள்ள மலையையும் வானத்தையும் தீட்டத் தீட்ட, மரம் தானாகவே நடுவில் எழுந்து நிற்கிறது. நிழல் எந்த நேரத்தில் எந்தப் பாறையின் மேல் நீலமாகும், எப்போது செந்நிறம் மங்கும் என்பதை, அங்கே ஒரு பருவம் கூடாரமடித்துத் தங்கிச் செல்கிற விருந்தாளியால் ஊகிக்க முடியும். பிறந்தது முதல் அந்தப் பாறைகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனால்தான் தயக்கமில்லாமல் தீட்ட முடியும்.

ஐரோப்பிய பாணியைக் கற்று அப்படியே ஒப்பித்துவிட்டார் என்று அக்காலத்து விமர்சகர் சிலர் முகம் சுளித்தார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் நமட்ஜிரா தீட்டியவை கண்ணுக்கு இனிய ஏதோ சில மலைகளல்ல. தம் முன்னோர்களின் சரித்திரம் எழுதப்பட்ட, தாய்வழியிலும் தந்தைவழியிலும் தமக்குப் பொறுப்பு வந்த இடங்களையே அவர் மீண்டும் மீண்டும் தேடிச் சென்றார். நிலத்தை முதற்பொருளாக வைத்து இலக்கணம் செய்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருடைய பிள்ளைகளும், ஓட்டோ, எட்வின், ரூபன் என்ற பரெருல்ட்ஜா சகோதரர்களும், அரெண்ட இனத்துப் பெண்களில் முதலாவதாகத் தூரிகை பிடித்த கோர்டுலா எபட்டரிஞ்ஜாவும் அதே மலைகளைத் தத்தம் கைவண்ணத்தில் தீட்டினார்கள். ஓட்டோவின் மலைகளில் கோடுகள் சுழித்துச் சுழித்து ஓடுவதைப் பார்த்தவர்கள், அது அவர்களுடைய புனிதச் சின்னங்களின் கோலம் என்று சொன்னதும் உண்டு.

இப்படி நாடு முழுதும் வரவேற்பறைகளில் தொங்கிய சித்திரங்களுக்கு உரியவர், கிடைத்த பணத்தைக் கொண்டு ஆடுமாடு வளர்க்க நிலம் குத்தகைக்குக் கேட்டபோது, 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மறுக்கப்பட்டார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்டிக்கொள்ள 1951-இல் முயன்றபோது அதற்கும் இடம் கிடைக்கவில்லை. வரி மட்டும் தவறாமல் வாங்கப்பட்டது. 1954-இல் மகாராணியின் முன் நிறுத்தப்பட்டார். 1956-இல் அவரை மாதிரியாக வைத்து வேறொருவர் தீட்டிய உருவப்படம் ஆர்ச்சிபால்ட் பரிசு பெற்றது. 1957-இல்தான் அவரும் மனைவி ரூபினாவும் முழுப் பிரஜைகளாக அங்கீகரிக்கப்பட்டார்கள். பெற்ற பிள்ளைகள் அந்த அந்தஸ்துக்கு வெளியே நின்றார்கள். உள்ளதை உறவினரோடு பகிர்ந்துகொள்வது தர்மம் என்று போதித்த குலத்தில் பிறந்தவர், பிரஜைக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட மதுவை உறவினருக்குக் கொடுத்தார் என்று 1958-இல் குற்றம் சாட்டப்பட்டார். ஆறு மாதத் தண்டனை மேல்முறையீட்டில் மூன்றாகக் குறைந்து, பாப்புன்யா என்ற குடியிருப்பில் இரண்டு மாதம் காவலில் கழிந்தது. வெளியே வந்தவர் 1959 ஆகஸ்டில் காலமானார்.

இவ்வளவும் பலரும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன சோகம். என் மனத்தை விடாமல் உறுத்துவது அதற்குப் பின்னால் நடந்தது.

நமட்ஜிரா இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, தம் சித்திரங்களை அச்சிட்டுப் பிரதிகளாக விற்கும் உரிமையை, வரும்படியில் எட்டில் ஒரு பங்கு தமக்கு என்ற ஏற்பாட்டில், ஒரு பதிப்பகத்தாருக்கு அளித்திருந்தார். அந்த எட்டில் ஒன்றுதான் அவர் விட்டுச்சென்ற உருப்படியான ஆஸ்தி. 1983-இல் அதன் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள், குடும்பத்தாரை ஒரு வார்த்தை கேட்காமல், பிரதியுரிமை முழுவதையும் 8,500 டாலருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டார்கள். அன்று முதல், பாட்டனாரின் மலைகள் வாழ்த்து அட்டையிலும் நாட்காட்டியிலும் புத்தக அட்டையிலும் அச்சாகும்போது, பேரப்பிள்ளைகள் அதை வேடிக்கை பார்க்கிற பொதுஜனங்களில் சிலராகவே நின்றார்கள். அச்சிட்டவர்களால்தான் அவர் பெயர் வீடுதோறும் பரவியது, கிரயமும் சட்டப்படி நடந்தது என்று வாதிப்போர் உண்டு. சட்டப்படி நடந்ததுதான், நிலம் கைமாறியதும் அந்தந்தக் காலத்துச் சட்டப்படிதான். முதலில் நிலம் போயிற்று, பிறகு நிலத்தின் சித்திரமும் போயிற்று என்று வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே வியாபாரத்தின் இரண்டு தவணைகளாகவே எனக்குத் தோன்றுகின்றன.

குடும்பத்தாரும் நல்லெண்ணம் கொண்ட பலரும் வெகுகாலம் போராடியதன் பயனாக, 2017-இல் அந்தப் பிரதியுரிமை, சந்ததியாரின் நலனுக்கான அறக்கட்டளைக்கு ஒரே ஒரு டாலர் விலையில் திரும்பி வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆஸ்திரேலியச் சட்டத்தில் பிரதியுரிமை முன்பு ஓவியரின் மரணத்துக்குப்பின் 50 ஆண்டு. 2005-இல் அது 70 ஆண்டாக நீட்டப்பட்டது. அந்த நீட்டிப்பு மட்டும் இல்லாதிருந்தால், 2009-ஆம் ஆண்டு முடிவிலேயே திருப்பிக் கொடுக்க எதுவும் இருந்திராது. நீட்டிப்பு இருந்தும், 2029-ஆம் ஆண்டு முடிவோடு அந்த உரிமை காலாவதியாகிவிடும். முப்பத்துநான்கு ஆண்டு பிறர் கையிலிருந்த சொத்து, பன்னிரண்டு ஆண்டுக்கு மட்டும் வீடு திரும்பியிருக்கிறது.

அதே பாப்புன்யாவில், நமட்ஜிரா காவலில் இருந்த காலத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1971-இல் பள்ளிக்கூடச் சுவரில் தேனெறும்பின் கதையைத் தீட்டத் தொடங்கிய பெரியவர்கள், அடுத்த ஆண்டே தாங்களே பங்குதாரர்களாக ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். புள்ளிகளால் ஆன அவர்களுடைய ஓவியங்கள் இன்று உலகக் கீர்த்தி பெற்றவை. பாணியைக் காட்டிலும் அந்தப் பங்குப் பத்திரமே அவர்களுடைய பெரிய படைப்பு என்பேன். 2010 முதல் அந்நாட்டில் ஓவியம் மறுவிற்பனையாகும்போது விலையில் நூற்றுக்கு ஐந்து ஓவியருக்கோ வாரிசுக்கோ சேர வேண்டும் என்ற சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. நமட்ஜிராவின் கொள்ளுப்பேரர் வின்சென்ட், 2020-இல் அதே ஆர்ச்சிபால்ட் பரிசை ஓவியராகவே வென்று, பூர்விகக் குடிகளில் அதைப் பெற்ற முதல்வரானார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அவருடைய உறவினர் இன்னமும் நீர்வண்ணத்தில் அதே மலைகளைத் தீட்டுகிறார்கள்.

ஆனாலும் என் கவலை தீரவில்லை. 2030 பிறந்ததும், அந்த மலைகளை எவரும் எதன்மேலும் அச்சிட்டுக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. கலை உலகத்துக்கே பொதுச் சொத்து என்ற உபதேசம் அன்று உரக்க ஒலிக்கும். உரிமை இருந்த காலமெல்லாம் அதை அனுபவித்திருந்த குடும்பத்துக்கு அந்த உபதேசத்தைச் செய்தால் தகும். இடையில் பறிகொடுத்த முப்பத்துநான்கு ஆண்டையும் காலக்கெடுவோடு கூட்டித் தர ஒரு சட்டத்திருத்தம் செய்துவிட்டு, அதற்கப்புறம் பொதுச் சொத்தைப் பற்றிப் பேசுவதுதான் முறை.