முழு சார்ஜ் இருந்தும் கார் கிளம்பவில்லையா?

ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட எலக்ட்ரிக் கார், காலையில் கதவைக்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது. ஏன் தெரியுமா, நேயர்களே? பெரும்பாலான எலக்ட்ரிக் கார்களில், பெரிய பேட்டரியோடு 12 வோல்ட் குட்டி பேட்டரி ஒன்றும் இருக்கிறது. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேயை 'டக்' என்று இழுத்து மூட வைப்பதே இந்தக் குட்டிதான். இது சோர்ந்தால் வண்டி எழாது.

பெட்ரோல் கார் என்றால் ஸ்டார்ட்டர் முனகியே காட்டிக்கொடுத்துவிடும். இதில் அந்தச் சத்தமே கிடையாது, பாருங்கள்! அதனால், திரை மினுக்கினாலோ, சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் மொத்தமாக எரிந்தாலோ, முதலில் குட்டி பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில், மீட்டர் 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் இறங்கிவிட்டது. திரும்ப ஏற்றியும் நிற்கவில்லையா? மாற்றிவிடுங்கள்.