லினக்ஸ் கெர்னலின் செய்திப் பதிவேடு: 2012ஆம் ஆண்டு மாற்றமும் விவாதமும்

முன்னுரை

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி கெர்னல் எனப்படும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் உள்ளிட்ட பல இயங்குதளங்கள் இதன்மீதே அமைந்துள்ளன. கெர்னல் தன் செயல்பாடுகளையும் பிழைகளையும் ‘பிரிண்ட்கே’ என்னும் செயற்கூறின் வழியே பதிவேட்டில் எழுதுகிறது. கணினி செயலிழக்கும்போது காரணத்தை அறியப் பெரும்பாலும் எஞ்சும் சான்று இப்பதிவேடே. 2012இல் இதன் அமைப்பில் செய்யப்பட்ட மாற்றமும் அது எழுப்பிய விவாதமும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

மாற்றத்தின் இயல்பு

அதுவரை பதிவேடு தொடர்ச்சியான எழுத்தோட்டமாகவே இருந்தது. ஒரு செய்தி எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை அதனைப் படிக்கும் நிரல்களால் உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை. கே சீவர்ஸ் எழுதிய மாற்றம், ஒவ்வொரு செய்தியையும் நேரம், முக்கியத்துவ நிலை, வரிசை எண் ஆகியவற்றுடன் கூடிய தனிப் பதிவாக்கியது. 2012 ஜூலையில் வெளியான 3.5ஆம் பதிப்பில் இது இடம்பெற்றது.

எழுந்த சிக்கல்

பழைய முறையில் ஒரு வரியைத் துண்டு துண்டாக எழுதும் வழக்கம் நிலவியது. சோதனை தொடங்குமுன் அதன் பெயர் அச்சாகும். முடிந்தபின் அதே வரியில் ‘சரி’ என்பது சேரும். புதிய முறையோ வரி முழுமையடையும்வரை துண்டுகளைத் தேக்கி வைத்தது. இடையில் கணினி நின்றுபோனால், எச்சோதனையில் நின்றது என்பதைக் காட்டும் பெயரே திரைக்கு வாராது. பதிப்பு வெளியாகுமுன்பே இக்குறையை ஸ்டீவன் ராஸ்டெட் சுட்டிக்காட்டினார். தேக்கிவைக்கும் பகுதியைத் திரும்பப் பெறவேண்டும் என இங்கோ மோல்னார் வாதிட்டார். பின்னர், துண்டுகளை உடனுக்குடன் திரைக்கு அனுப்பும் திருத்தத்தைச் சீவர்ஸே எழுதினார்.

எனினும், பல நிரல் இழைகள் ஒரே வேளையில் எழுதும்போது எத்துண்டு எவ்வரிக்குரியது என்னும் வினா எஞ்சியது. 2016இல் வெளியான 4.9ஆம் பதிப்புக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் செய்த மாற்றத்தின்படி, தொடர்ச்சிக்குறி வெளிப்படையாக இடப்பட்ட துண்டு மட்டுமே முந்தைய வரியுடன் சேரும். இதனால் குறியிடப்படாத பழைய நிரல்களின் வரிகள் சிதறின; அவற்றைப் பல இடங்களில் திருத்த நேர்ந்தது.

முடிவுரை

இருதரப்பும் பதிவேட்டின் பயனையே முன்வைத்தன. ஒரு தரப்பு, இயங்கும் கணினியில் நிரல்கள் பிழையின்றிப் படிக்கத்தக்க ஒழுங்கை நாடியது. மறுதரப்பு, கணினி செயலிழக்கும் கணத்தில் மனிதர் காணக்கூடிய கடைசிச் சொல்லைக் காக்க முயன்றது. முற்றுப்பெறாத வரிக்கும் சான்று மதிப்பு உண்டு. பதிவேட்டின் அமைப்பை மாற்றுவோர் அதனையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பது இவ்விவாதத்தால் பெறப்படுகிறது.