கறிவேப்பிலைச் செடிக்குப் பசியா, அஜீரணமா? தொட்டிச் செடிக்கு உரம் வைக்கும் கணக்கு!

மாடியில் ஆசையாக வைத்த கறிவேப்பிலைச் செடி, வாங்கி வந்த நாளில் இருந்த அதே ஒரு அடியிலேயே நிற்கிறதா? எங்கள் வீட்டுச் செடியும் அப்படித்தான் நின்றது. சீக்கிரம் வளரட்டுமே என்று ஒரு கைப்பிடி டி.ஏ.பி. உரத்தை அள்ளிப் போட்டேன். ஒரே வாரத்தில் இலை நுனிகள் கருகி, பாதி இலைகள் கொட்டிவிட்டன. "கைக்குழந்தைக்குப் பிரியாணி ஊட்டின மாதிரி பண்ணிட்டியேடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஏன் கருகியது?

தரையில் வளரும் செடி, வேரை நீட்டி சத்தைத் தேடிக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அந்த ஒரு தொட்டி மண்தான் உலகம். ஊற்றும் தண்ணீர் அடித்துளை வழியே வெளியேறும்போது தழைச்சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். அதனால் உரம் கட்டாயம் தேவை. ஆனால், அளவு மீறினால் ரசாயன உரத்தின் உப்பு மண்ணில் தேங்கி, வேர் தண்ணீர் குடிக்க முடியாமல் செய்துவிடும்.

செடி சொல்லும் அறிகுறிகள்

* அடி இலைகள் மஞ்சளானால், பெரும்பாலும் தழைச்சத்துப் பசி.
* துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், இரும்புச்சத்துக் குறைவு.
* இலை நுனி கருகி, மண்மேல் வெள்ளையாகப் படிந்தால், உரம் அதிகம்.

எவ்வளவு கொடுக்கலாம்?

12 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். மேல்மண்ணைக் கிளறி, தண்டை ஒட்டாமல் ஓரமாகப் போடுங்கள். இடையில் ஒருமுறை, 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மி.லி. கலந்து தெளிக்கலாம். காய்ந்த மண்ணில் உரம் வேண்டாம். முதலில் தண்ணீர், பிறகு உரம். புளித்த மோரையும் நீர்க்கக் கலந்து எப்போதாவது ஊற்றலாம். ஆனால், மோர் மட்டுமே சாப்பாடாகிவிடாது.

தவறு நடந்துவிட்டால்?

தெரியும் உரத்தை அள்ளி எடுத்துவிட்டு, அடித்துளை வழியே வடியும்வரை நல்ல தண்ணீரை மூன்று, நான்கு முறை ஊற்றுங்கள். ஒரு மாதம் எந்த உரமும் வேண்டாம். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு மாதத்தில் துளிர் வந்தது.

நேற்று எங்கள் வீட்டு ரசத்தில் மணந்தது, அந்தச் செடியின் கொத்துதான்!