படம் ஏன் திக்குகிறது?

நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்த 'நல்லதம்பி' 1949இல் வெளிவந்தது. அதை வீட்டுக் கணினியில் ஓட்டி, பெரிய தொலைக்காட்சித் திரையில் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். காமிரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் காட்சி லேசாகத் திக்குகிறது. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகுமா?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். பேசும் படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். திரையோ பெரும்பாலும் நொடிக்கு 60 முறை காட்சியைப் புதுப்பிக்கிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. ஒரு படத்தை அரை முறை காட்ட முடியுமா? முடியாது! எனவே ஒரு படம் 3 முறையும் அடுத்தது 2 முறையும் வரும். இந்த ஏற்றத்தாழ்வே திக்கல். திரையின் வேகத்தை 24 அல்லது 120 என்று மாற்றிவையுங்கள். மீதியின்றி வகுபடும், திக்கல் மறையும்.

அப்படியானால் கார்டுக்கு என்ன வேலை? 1920 × 1080 அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 24 படங்கள் என்றால் ஏறத்தாழ 5 கோடிப் புள்ளிகள்! ஆகவே அவற்றைச் சுருக்கித்தான் கோப்பில் வைக்கிறார்கள். அதை மீண்டும் விரிப்பதற்கென்றே கார்டில் தனி மின்சுற்று உண்டு. 2003இல் வந்த எச்.264 முறையை மட்டும் அறிந்த கார்டிடம், 2013இல் வந்த எச்.265 கோப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? சுமை முழுவதும் கணினியின் செயலி மேல் விழும். அது திணறினால் படங்கள் விடுபடும்.

ஆகவே வாங்குமுன் இரண்டைக் கேளுங்கள். உங்கள் கோப்பின் சுருக்கமுறை கார்டுக்குத் தெரியுமா? 24இன் மடங்கில் திரையை இயக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் எளிய கார்டே போதும். செயலியுடன் சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் பகுதி இதைச் செய்யுமானால், அந்தச் செலவும் மிச்சம்!