மூணாவது அத்தியாயத்திலேயே ஹீரோ எஸ்கேப்! 'நியூ மூன்' மீது டீன் ஏஜ் வாசகிகளுக்கு ஏன் அத்தனை கோபம்?

ஹீரோவுக்காகவே இரண்டாம் பாகத்தைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். மூன்றாவது அத்தியாயத்தில் அந்த ஹீரோ 'நீ எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறான். மறுபடி நேரில் வருவது இருபதாவது அத்தியாயத்தில். புத்தகத்தில் இருப்பதே 24 அத்தியாயங்கள்தான். கோபம் வராமல் இருக்குமா?

2006 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியான 'நியூ மூன்' நாவலுக்கு டீன் ஏஜ் வாசகிகளிடமிருந்து கிடைத்த முதல் விமர்சனமே, 'எட்வர்ட் எங்கே?' என்பதுதான். ஸ்டெஃபனி மேயர் எழுதிய 'ட்வைலைட்' வரிசையில் இது இரண்டாவது புத்தகம். எப்போதும் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊர். அங்கே போலீஸ் அதிகாரியான அப்பாவோடு வசிக்கும் பெல்லா. அவள் காதலிக்கும் எட்வர்ட், மனித ரத்தம் குடிக்காத ஒரு ரத்தக்காட்டேரிக் குடும்பத்துப் பையன். 2005-ல் வந்த முதல் பாகம் இந்தக் காதலைச் சொன்னது.

இரண்டாம் பாகம் பெல்லாவின் 18-வது பிறந்தநாளில் தொடங்குகிறது. பரிசைப் பிரிக்கும்போது காகிதம் விரலைக் கிழித்துவிட, ஒரு சொட்டு ரத்தம். எட்வர்டின் சகோதரன் ஜாஸ்பர் அவள் மீது பாய்கிறான். 'என்னால்தான் இவளுக்கு ஆபத்து' என்று எட்வர்ட் முடிவெடுத்து, பொய் சொல்லிப் பிரிகிறான்.

அதற்கு அடுத்த பக்கங்களில் கதையே இல்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதங்களின் பெயர் மட்டும், ஒரு பக்கத்துக்கு ஒன்றாக. பெல்லாவின் வாழ்க்கையில் அந்த நான்கு மாதங்கள் வெறுமையாகக் கழிந்தன என்று அர்த்தம். எட்வர்ட் இல்லை என்று திட்டியவர்களும் மறக்காத இடம் இது. பிரேக்-அப் ஆன பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த எந்த வீட்டுக்கும் அந்தப் பக்கங்கள் புரியும்.

பாவம் அந்த அப்பா!

வாசகிகள் அதிகம் பேசாத ஒருவர் பெல்லாவின் அப்பா சார்லி. அதிகம் பேசத் தெரியாத மனிதர். மகளைப் பார்த்துப் பார்த்து மாய்ந்து, கடைசியில் அம்மாவிடம் போய்விடு என்கிறார். மனநல ஆலோசகரைப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார். பெல்லாவோ, காட்டேரி விஷயத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று தட்டிக்கழிக்கிறாள். 'நான் சொன்னா உனக்குப் புரியாது' என்ற டீன் ஏஜ் வசனத்துக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது!

பெல்லா ஆபத்தில் மாட்டும்போதெல்லாம் எட்வர்டின் குரல் அவள் காதில் கேட்கிறது. அதைக் கேட்பதற்காகவே பைக்கைத் தாறுமாறாக ஓட்டுகிறாள். பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். நாவலின் மிகவும் பலவீனமான, கொஞ்சம் ஆபத்தான பகுதியும் இதுதான். காதலன் போய்விட்டால் உயிரைப் பணயம் வைப்பது காதல்தானா என்ற கேள்வியைப் பெற்றோர்கள் மட்டுமல்ல, பதினாறு வயது வாசகிகளே எழுப்பினார்கள். 'உன் நன்மைக்காக' என்று எட்வர்ட் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுப்பதையும் பலர் ரசிக்கவில்லை.

வந்தான் ஜேக்கப்

அந்த எரிச்சலில் லாபம் அடைந்தவன் ஜேக்கப். பழைய பைக்குகளை ரிப்பேர் செய்துகொண்டே பெல்லாவைச் சிரிக்கவைக்கும் பதினாறு வயதுப் பையன். பாதிக் கதையில் ஓநாயாக மாறுகிறான் என்பது வேறு விஷயம். 'டீம் எட்வர்ட்', 'டீம் ஜேக்கப்' என்று வாசகிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, டி-ஷர்ட் வரைக்கும் போனது சண்டை. 2009 நவம்பரில் படம் வந்தபோது, ஜேக்கப்பாக நடித்த டெய்லர் லாட்னர் அந்த வேடத்தைத் தக்கவைக்க சுமார் 13 கிலோ எடை கூட்டியிருந்தார். முதல் நாளில் மட்டும் அமெரிக்கா, கனடா வசூல் 7 கோடி டாலரைத் தாண்டியது. ஹீரோ பாதிக் கதையில் இல்லாத படத்துக்கு!

இத்தனைக்கும் மேயர் முதலில் எழுதிவைத்திருந்த தொடர்ச்சி வேறு. கல்யாணம் வரைக்கும் போய்விடும் கதை அது. டீன் ஏஜ் வாசகர்களுக்கு அது அவசரம் என்பதால் பள்ளிக்கூட வயதிலேயே கதையை நிறுத்தி, 'நியூ மூன்' எழுதினார். பழைய கதையின் சாரம் 2008-ல் வந்த நான்காம் பாகத்தில் இடம்பிடித்தது. பிரிவு இல்லாமல் நேராகக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் ஜேக்கப்புக்கு இத்தனை இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஜேக்கப் ரசிகைகள் பலருக்கு லேட்டாகத்தான் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அவனுடைய க்விலூட் இனம் கற்பனை இல்லை. வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் லா புஷ் என்ற ஊரில் வாழும் நிஜப் பழங்குடி மக்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து மனிதர்களாக மாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. மனிதர்கள் ஓநாயாக மாறிக் காட்டேரிகளோடு சண்டை போடுவது மேயரின் சரக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து தனி இணையதளமே நடத்தியது.

ரசிகைகள் ஓநாய்களைத் தேடி லா புஷ் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், ஊர்க்காரர்களின் கவலை சுனாமியாக இருந்தது. பள்ளிக்கூடம் உட்பட ஊரின் முக்கியக் கட்டடங்கள் அபாயப் பகுதியில் இருந்தன. பக்கத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து மேட்டு நிலம் தரும் சட்டம் 2012-ல் வந்தது. குழந்தைகளின் பள்ளி இப்போது மேட்டில் இருக்கிறது.